பாயில் விரித்துப் பூட்டிய கம்ப்யூட்டர்

"ராணிக் கண்ணு, வெளிய வந்து பாரு! உங்க ஊட்டுக்காரரு டி.வி. வாங்கிட்டு வர்றாரு!"

சாமளாபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் சாந்தாமணி அக்கா, வாசலில் நின்று கூவினார். பக்கத்திலேயே அவருடைய தறிக்குடோன். அந்த இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டும் என்று பேசிப் பேசி, அக்காவின் சாதாரணப் பேச்சே கூவல்தான்.

நான் உள்ளே இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தேன். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். மெதுவாக எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், தெருமுனையிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி நடந்து வந்துகொண்டிருந்தது. பெட்டிக்குக் கீழே இரண்டு கால்கள். செருப்பை வைத்துத்தான் அது என் கணவர் மயில்சாமி என்று கண்டுபிடித்தேன். அவருக்குப் பின்னால் பஸ் ஸ்டாப் டீக்கடை மாஸ்டர், இன்னொரு பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, தன் வீட்டுக் கல்யாணச் சீரைத் தூக்கி வருகிறவர் போலப் பெருமையாக வந்தார்.

"டி.வி.யா தம்பி?" என்றார் அக்கா.

"இல்லீங்க்கா. கம்ப்யூட்டருங்க."

"கம்ப்யூட்டர்னா ஒண்ணா வருமே. இதென்ன இத்தன பொட்டி?"

"பாகம் பாகமா வாங்கியாந்திருக்கறனுங்க. நாங்களே சேத்துப் பூட்டோணும்."

"நாங்கன்னா?"

"நானும் ராணியும்தானுங்க."

அக்கா பெட்டிகளைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். "அட சாமி!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

மயில்சாமி பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். வழி முழுக்க மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கேட்டாராம். "மடியில வெச்சிருக்கற கொழந்தைக்கு டிக்கெட் கேப்பீங்களான்னு கேட்டனுங்க. சிரிச்சுட்டுப் போயிட்டாரு" என்று சொல்லும்போது அவர் சட்டை முழுவதும் வேர்வையில் நனைந்து, அட்டையின் பழுப்பு நிறம் நெஞ்சில் ஒட்டியிருந்தது. அந்த வாசனை இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. புது அட்டை, புது பிளாஸ்டிக், அதோடு மயில்சாமியின் வேர்வை.

ஊசி எங்கே குத்த வேண்டும்

போன வாரம் நான் அருள்புரத்தில் ஒரு எம்ப்ராய்டரி யூனிட்டில் சேர்ந்த கதையைச் சொன்னேன். அதைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நான், முதலில் அங்கே பனியன் துணிகளில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். பிறகு டிசைன் போடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நின்று நின்று பார்த்தே, அவர் வேலையை விட்டுப் போனபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

குழந்தைகள் சட்டையில் ஒரு பூவோ பூனையோ நூலால் தைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எம்ப்ராய்டரி மிஷினுக்குப் பூனை என்றால் என்னவென்று தெரியாது. ஊசி எங்கே குத்த வேண்டும், நூல் எந்தப் பக்கமாகச் சாய்ந்து ஓட வேண்டும், எந்த இடத்தில் நிறம் மாற வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் சொல்லித் தர வேண்டும். அதற்குத் திருப்பூரில் 'பஞ்சிங்' என்று பெயர். போட்டு முடித்ததை ஃப்ளாப்பியில் ஏற்றி மிஷினுக்குள் செருகினால், ஊசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கி, வரிசையாக மாட்டிய துணிகளில் எல்லாம் அதே பூனையைத் தைக்கும்.

இந்த அத்தியாயத்தைத் தட்டச்சு செய்து தரும் என் மகள், "ஃப்ளாப்பின்னா என்னம்மா?" என்று இந்த இடத்தில் நிறுத்திக் கேட்டாள். அன்று வயிற்றில் இருந்தவள் இவள்தான். கேட்க உரிமை உண்டு. உள்ளங்கை அளவு சதுரமான ஒரு பிளாஸ்டிக் தகடு என்று சொன்னேன். அதில் ஒரு பாட்டுகூடக் கொள்ளாது என்றதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எனக்கு அந்த வேலை அவ்வளவு பிடிக்கும். பூனையின் மீசைக்கு நூல் எவ்வளவு மெல்லியதாக ஓட வேண்டும் என்று யோசித்துக்கொண்டே சாப்பிடுவேன். இலை போட்டால், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முடிவு செய்துவிட்டுத்தான் தையலைச் சாய்ப்பேன்.

ஆனால் அதற்கு முந்தின வருடம் எங்களுக்கு ஒரு குழந்தை தங்கவில்லை. அதைப் பற்றி இவ்வளவுதான் எழுத முடிகிறது. அதனால் இந்த முறை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பஸ் கூடாது, ஷேர் ஆட்டோ கூடாது, மயில்சாமியின் மொபெட் கூடவே கூடாது. உட்காரலாம், படுக்கலாம், வீட்டுக்குள் நடக்கலாம். சாமளாபுரத்திலிருந்து அருள்புரம் போகாமல் எப்படி வேலை செய்வது?

ஆரஞ்சுப் பழத்தோடு வந்த முதலாளி

யூனிட் முதலாளி துரைசாமி அண்ணன் ஒரு நாள் ஆரஞ்சுப் பழங்களோடு என்னைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர். ஆனால் தொழில் அவரைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்த காலம் அது. பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அம்மிணி, ஒடம்பப் பாத்துக்க. அதுதான் மொதல்ல" என்று ஆரம்பித்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சீசன் வந்துருச்சு. டிசைன் சீட்டு காலியாக் கெடக்குது. ஒருத்தரு வந்து கேட்டுட்டே இருக்கறாரு. நான் எத்தன நாளைக்குத் தள்றது, சொல்லு."

"அண்ணே, வீட்ல இருந்தே போட்டுக் குடுத்தா?" என்று கேட்டுவிட்டேன். எங்கிருந்து அந்தக் கேள்வி வந்தது என்று தெரியவில்லை. வீட்டில் ஒரு ரேடியோகூடச் சரியாகப் பாடாது.

அவர் கொஞ்சம் யோசித்தார். "கம்ப்யூட்டர் இருந்தாப் போடலாம். சாஃப்ட்வேரும், அது ஓடறதுக்குக் கம்ப்யூட்டர் பின்னாடி செருகற சாவியும் நான் குடுக்கறேன். ஆனா ஒண்ணு. வர்ற திங்கக்கெழம பொழுதோட பையருக்கு ஒரு சேம்பிள் ஓட்டோணும். கொடை புடிச்சுட்டு நிக்கற வாத்து. அத நீ ஊட்ல இருந்து போட்டுக் குடுத்துட்டீன்னா, எனக்கும் தைரியம் வந்துரும். சீட்டு உன்றதுதான்."

'பையர்' என்றால் வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுப்பவர். திருப்பூரில் சாமிக்கு அடுத்தபடி அவர்தான்.

மயில்சாமி கதவில் சாய்ந்து நின்றிருந்தார். முதலாளி போனதும் என்னிடம், "என்னென்ன வாங்கோணும்னு சொல்லு. சனிக்கெழம லீவு போட்டுட்டுக் கோயமுத்தூரு போயிட்டு வந்தர்றேன்" என்றார்.

பணத்தை எப்படிப் புரட்டினோம் என்பது இந்த வாரத்துக்கு வேண்டாம். கடையில் பூட்டித் தர வியாழக்கிழமை ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். "அப்ப பாகத்த மட்டும் குடுங்க, நாங்க பூட்டிக்கறோம்" என்று மயில்சாமி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அப்படித்தான் அந்தப் பெட்டி எங்கள் தெருவில் நடந்து வந்தது.

குன்னத்தூர்க்காரர்

மயில்சாமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குன்னத்தூரில் மஞ்சளும் கடலையும் போடும் குடும்பம். இவருக்கு மட்டும் மண்ணைவிட இரும்பு பிடித்திருந்தது. தையல் மிஷின் மெக்கானிக் ஆகிவிட்டார். ஓவர்லாக் மிஷின் என்ன கோளாறு செய்தாலும், அதன் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் நிற்பார். காய்ச்சல் பார்ப்பது போல இருக்கும். எங்கள் யூனிட்டுக்கு மிஷின் பார்க்க வந்தவர், மிஷின் சரியான பிறகும் வந்துகொண்டிருந்தார். எங்கள் கல்யாணக் கதை அவ்வளவுதான். நான் வேதக்கார வீட்டுப் பெண், அதாவது கிறிஸ்தவள். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கை வலித்து இறக்கிவிட்டார்கள்.

ஆரம்பத்தில் எங்களுக்குள் சண்டை வந்தால் பாதியிலேயே நின்றுவிடும். நான் "என்னத்துக்கு இப்படிப் பேசுதிய?" என்று கோபமாகக் கேட்பேன். அவர், "ஏனுங், நான் என்னங் சொல்லிப்போட்டேன்?" என்பார். கோபத்திலும் 'ங்' போடுகிற மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

கம்ப்யூட்டர் விஷயத்தில் எங்கள் இருவரிடமும் பாதிப் பாதி அறிவு இருந்தது. யூனிட்டுக்குச் சர்வீஸ் செய்ய வருகிறவர் கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எது எங்கே உட்காரும் என்று தெரியும். ஆனால் ஒரு ஸ்க்ரூவைக்கூட நான் திருகியதில்லை. மயில்சாமிக்கு உலகத்தில் உள்ள எல்லா ஸ்க்ரூவும் சொந்தக்காரர்கள். ஆனால் மதர்போர்டைப் பார்த்ததும், தூங்கும் குழந்தையைப் பார்த்தவர் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு காலை தறிகளுக்கு ஓய்வு. தெருவே காது கேளாமல் போனது போல இருக்கும். கோழிக்குழம்பு வாசனை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்துகொண்டிருந்தது.

தரையில் பாய் விரித்தோம். அதன் மேல் அட்டைகளைப் பிரித்துப் போட்டோம். நான் சுவரில் தலையணையைச் சாய்த்துக் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டேன். மயில்சாமி குளித்து, நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு வந்தார். நான் கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபம் செய்தேன். இரண்டு பக்கமும் சொல்லிவைத்தாகிவிட்டது.

"நீ சொல்லு கண்ணு, நான் பூட்டறேன்."

அறுவை சிகிச்சை போலத்தான் நடந்தது. நான் சொல்லச் சொல்ல அவர் எடுத்தார். முதலில் பிராசஸர். அதன் ஒரு மூலையில் சின்ன அம்புக்குறி இருக்கும், மதர்போர்டிலும் அதே மூலை இருக்கும். இரண்டும் பொருந்தினால் அழுத்தவே வேண்டாம், தானாக விழும். மயில்சாமி மூச்சை அடக்கிக்கொண்டு அதை விட்டார். விழுந்தது. "அட! எண்ணெயில வடை போடற மாதிரி எறங்குது பாரு!" என்றார்.

அதன் மேல் ஃபேன். அதை மாட்டத்தான் பலம் வேண்டியிருந்தது. கிளிப் 'டக்' என்று விழுந்தபோது போர்டு உடைந்துவிட்டது என்று இரண்டு பேரும் கத்திவிட்டோம். சத்தம் கேட்டுச் சாந்தாமணி அக்கா ஓடி வந்தார். "என்னாச்சு, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. ஃபேன் மாட்டுன சத்தம்தான்."

அக்கா போகவில்லை. கதவோரம் உட்கார்ந்துகொண்டார். "இத்தனூண்டு பச்சை அட்டைதானா கம்ப்யூட்டரு? இதுக்கா இத்தன பெரிய பொட்டி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குச் சரியான பதில் தெரியாது.

ரேம் உட்கார்ந்தது. போர்டைப் பெட்டிக்குள் இறக்கி ஸ்க்ரூ போட்டார். ஹார்ட் டிஸ்க், சி.டி. டிரைவ், ஃப்ளாப்பி டிரைவ் எல்லாம் அவரவர் இடத்தில் உட்கார்ந்தன. கடைசியில் எறும்பு அளவு முனைகளோடு சின்னச் சின்ன ஒயர்கள். அவருடைய தடித்த விரல்களுக்கு அவை அடங்கவில்லை. நான் முன்னால் நகர்ந்து, தலை ஊக்கின் முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளி மாட்டினேன். அன்று என் கையால் செய்த ஒரே வேலை அதுதான்.

பிளக்கை மாட்டினோம். அக்கா எழுந்து போய் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகையின் மேல் ஏறி நின்றார். "நெருப்பு கிருப்பு வந்தா ஆஃப் பண்ணிப்போடுவேன். நீங்க தெகிரியமாப் போடுங்க!"

மயில்சாமி பட்டனை அழுத்தினார்.

ஃபேன் ஒரு துள்ளு துள்ளியது. நின்றுவிட்டது.

வீட்டுக்குள் கோளாறு

மறுபடி அழுத்தினார். மறுபடி ஒரு துள்ளு. அதோடு சரி. விக்கல் எடுப்பது போல. ஒயர்களை எல்லாம் கழற்றி மாட்டினோம். ரேமை எடுத்து ஊதிப் பொருத்தினோம். ஒரு துள்ளு, ஓய்வு. ஒரு துள்ளு, ஓய்வு.

மதியம் ஆகிவிட்டது. அக்கா வீட்டிலிருந்து குழம்பு வந்தது. சோற்றில் கை வைக்க மனம் வரவில்லை. போர்டு எரிந்துபோயிருக்குமோ என்று இரண்டு பேருமே நினைத்தோம். இரண்டு பேருமே சொல்லவில்லை. மயில்சாமி என்னைப் பார்க்காமல் சொன்னார், "நான் வேணும்னா இப்பவே கடைக்காரர் ஊட்டுக்கு..."

"ஞாயித்துக்கெழம யாரு இருப்பாவ? மொதல்ல சாப்பிடுங்க."

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஒருமுறை யூனிட்டில் இதே போல ஆனபோது, சர்வீஸ் செய்கிறவர் போர்டை வெளியே எடுத்து, அட்டையின் மேல் வைத்து ஓட்டிப் பார்த்தார். சொன்னேன். மயில்சாமி கை கழுவக்கூட இல்லை, இடது கையாலேயே ஸ்க்ரூக்களைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். நான் அதட்டித்தான் கழுவ வைத்தேன்.

போர்டை அட்டையின் மேல் வைத்தோம். வெளியே பட்டன் கிடையாது. இரண்டு சின்ன முனைகளை ஸ்க்ரூடிரைவரால் ஒரு நொடி தொட வேண்டும். அக்கா மறுபடி பலகையில் ஏறினார். மயில்சாமி தொட்டார்.

ஃபேன் சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. மானிட்டரில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஏறின.

"ஓடுது! ஓடுது!" என்று கத்தியது அக்காதான்.

மயில்சாமி குந்தி உட்கார்ந்து, தாடையைத் தடவிக்கொண்டு, போர்டையும் காலிப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "வெளிய ஓடுது. உள்ள ஓடல. அப்ப போர்டுல ஒண்ணுமில்ல. கோளாறு ஊட்டுக்குள்ள இருக்குது" என்றார்.

பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பை நிறுத்தவே முடியவில்லை அவரால்.

விஷயம் இதுதான். போர்டு தகரத்தில் படாமல் உயரமாக நிற்க, அடியில் சின்னப் பித்தளைக் கால்கள் வைக்க வேண்டும். போர்டில் எங்கே துளை இருக்கிறதோ அங்கே மட்டும். மயில்சாமி மெக்கானிக் அல்லவா? ஆட்டம் காணாமல் கெட்டியாக நிற்கட்டும் என்று, தகரத்தில் இருந்த எல்லாத் துளைக்கும் கால் வைத்துவிட்டார். அதில் ஒன்று போர்டின் முதுகில் குத்திக்கொண்டு நின்றது. கரண்டு வந்ததும் போர்டு பயந்து தானாகவே நின்றுவிட்டிருக்கிறது.

"தையல் மிஷினுக்கு ஒரு காலு அதிகமா வெச்சா நல்லதுதானுங்க. இதுக்கு ஆகாது போல" என்றார். அந்தக் காலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

திரும்பப் பூட்டி, பட்டனை அழுத்தியபோது, பெட்டிக்குள்ளிருந்து 'பீப்' என்று ஒரே ஒரு சத்தம் வந்தது. எல்லாம் நலம் என்று அது சொல்லும் விதம் அது. நான் அழுதேன். மயில்சாமியும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வேர்வையைத்தான் துடைத்தேன் என்று பிறகு சாதித்தார். பொழுது சாய்வதற்குள் சி.டி.களை ஒவ்வொன்றாகப் போட்டு, முதலாளி கொடுத்த சாஃப்ட்வேரையும் ஏற்றி, வாத்தின் உடம்பு முழுவதையும் திரையில் போட்டு முடித்தேன். மஞ்சள் வாத்து. இறகு இறங்கும் பக்கமாகவே தையலை இறக்கியிருந்தேன். மறுநாள் குடையும் அலகும் கால்களும் கண்ணும் மட்டும்தான் பாக்கி.

தறி ஓடினால் வாத்து ஓடிவிடும்

திங்கட்கிழமை மயில்சாமி வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்து ஃப்ளாப்பியை வாங்கிக்கொண்டு யூனிட்டுக்குப் போவதாக ஏற்பாடு. நான் தெம்பாக உட்கார்ந்து குடையைத் தொடங்கினேன்.

பக்கத்தில் தறிகள் ஓட ஆரம்பித்தன. மானிட்டரில் படம் லேசாகச் சுருங்கியது. அடுத்த நொடி திரை கறுத்து, கம்ப்யூட்டர் முதலிலிருந்து எழுந்திருக்க ஆரம்பித்தது.

எங்கள் வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் ஒரே லைன். தறி ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கரண்டை ஒரு இழு இழுக்கும். ஞாயிற்றுக்கிழமை தறிகள் தூங்கியதால் எங்களுக்கு இது தெரியவே இல்லை. யு.பி.எஸ். வாங்குவதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளியிருந்தோம்.

நூல் அறுந்து தறி நிற்கும். அதை முடிச்சுப் போட்டுத் திரும்பக் கிளப்புவார்கள். என் குடை காணாமல் போகும். மறுபடி ஆரம்பிப்பேன். வளைவில் இரண்டு தையல் வைத்துச் சேமிப்பதற்குள் இன்னொரு தறி கிளம்பும். போன தடவை எங்கே விட்டேன் என்று தேடியே காலை போய்விட்டது. வயிற்றுக்குள் குழந்தை வேறு உதைத்துக்கொண்டிருந்தது. நான் விசைப்பலகையின் மேல் தலையைக் கவிழ்த்துவிட்டேன்.

மோர் கொண்டு வந்த சாந்தாமணி அக்கா, சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் பதறினார். "கண்ணு! வயிறு வலிக்குதா? வண்டி கூப்புடட்டுமா?"

"இல்லக்கா. நான் நல்லாத்தான் இருக்கேன். இதுதான்..." என்று சொல்ல வந்தேன். சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர் பிழைப்பே தறிதான். உங்கள் தறியால்தான் என் வேலை கெடுகிறது என்று எப்படிச் சொல்வது? அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் ஒரு தறி கிளம்பியது. திரை கறுத்தது. அக்கா திரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"நம்ம தறியா பண்ணுது?"

நான் தலையாட்டினேன்.

"உனக்கு எத்தன நேரம் வேணும்?"

"ரெண்டு மணி நேரம் இருந்தாப் போதும்க்கா. யு.பி.எஸ். வாங்கிட்டா இந்தத் தொல்லை இருக்காது. ஆனா நீங்க..."

அக்கா எழுந்து போய்விட்டார். கோபமாகப் போகிறாரா என்று முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு தறி நின்றது. பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றாக நின்று, கடைசித் தறியும் நின்றபோது, வேலை நாளின் நட்டநடு மதியத்தில் எங்கள் தெரு நிசப்தமானது. காக்கா கத்துவது கேட்டது. யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது. தெருவிலிருந்து ஒருவர், "ஏனுங்க, கரண்டு போயிருச்சுங்களா?" என்று விசாரித்தார்.

"கரண்டெல்லாம் இருக்குது. நம்ம ராணி வாத்து போட்டுட்டு இருக்குது. சித்தே சும்மா இருங்க!" என்று அக்கா கூவியது எனக்குக் கேட்டது.

தறி ஓட்டுகிற இருவரும் நிழலில் உட்கார்ந்து சீட்டு விளையாட ஆரம்பித்தார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு குடையைத் தொடங்கினேன். சிவப்புக் குடை. ஒவ்வொரு மடிப்பிலும் நூல் வேறு வேறு பக்கம் சாய்ந்தால்தான் அது விரிந்த குடை மாதிரித் தெரியும். அன்று என் கை ஓடிய மாதிரி அதற்கு முன்னும் பின்னும் ஓடியதில்லை. கண்ணை வைத்து முடித்துவிட்டு, மூன்று ஃப்ளாப்பிகளில் ஒரே டிசைனை ஏற்றினேன். ஃப்ளாப்பியை நம்பக் கூடாது என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

"அக்கா, முடிஞ்சிட்டு!" என்று நான் வாசலிலிருந்து கத்தினேன். தறிகள் மறுபடி இரைந்தன. அந்த இரைச்சலுக்குள்ளேயே மொபெட் சத்தம். மயில்சாமி வந்து, மூன்று ஃப்ளாப்பிகளையும் ஒரு பனியன் துணியில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பறந்தார்.

போனில் ஒரு வாத்து

எங்களிடம் போன் கிடையாது. அக்கா வீட்டில் இருந்தது. பொழுது இறங்கும் நேரத்தில் அது அடித்தது. "ராணி! உனக்குத்தான்!"

"கண்ணு, மொத ஃப்ளாப்பி படிக்கலைங்" என்றார் மயில்சாமி. நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "ரெண்டாவது படிச்சிருச்சுங். இப்பத்தான் ஏத்தறாங்க. இரு, முதலாளி ஏதோ சொல்றாரு... போன அப்படியே மிஷின் பக்கம் நீட்டச் சொல்றாரு."

ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துக் குடோனின் இரைச்சல்தான் காதை அடைத்தது. "அக்கா, கேக்க மாட்டேங்கு" என்றேன். அக்கா கதவருகே போய், குடோனைப் பார்த்து ஒரு கை காட்டினார். அன்று இரண்டாவது முறையாகத் தறிகள் நின்றன.

அப்போது கேட்டது. கூரையில் ஆலங்கட்டி விழுவது போல, எல்லா ஊசிகளும் ஒரே நேரத்தில் குத்தும் சத்தம். நீளமாக, நிற்காமல் ஓடியது. அது உடம்பு. நான் ஞாயிற்றுக்கிழமை போட்ட மஞ்சள். பிறகு ஒரு நிறுத்தம். நிறம் மாறுகிறது. குட்டி ஓட்டம், மறுபடி ஒரு குட்டி ஓட்டம். அலகும் கால்களும். அடுத்து குடை. ஒவ்வொரு மடிப்புக்கும் சத்தம் ஒரு கணம் தயங்கித் திரும்பியது. கண்ணை மூடிக்கொண்டு, நான் அங்கே நிற்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று நின்றது. நிறம் மாறும் நேரத்தைவிட அதிக நேரம் ஒன்றும் கேட்கவில்லை. என் டிசைனில் தப்பா? தையல் ஒரே இடத்தில் நெருங்கி நூல் அறுந்ததா? அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லீங்" என்று தூரத்திலிருந்து மயில்சாமியின் குரல் கேட்டது. "கறுப்பு நூலு தீந்து போச்சு. வேற கண்டு போடறாங்க."

பிறகு மிகச் சின்னதாக, ஒரு கை சொடுக்கும் நேரம்தான், ஊசிகள் ஓடி நின்றன. வாத்தின் கண்.

துரைசாமி அண்ணன் போனை வாங்கினார். "அம்மிணி, குடை அப்படியே விரிஞ்சு நிக்குது. பையருக்கு நாளைக்குப் போகுது. அடுத்த படத்த மயில்சாமிகிட்டயே குடுத்து விடறேன். நீ அங்கயே உக்காந்து போடு. இங்க வரவே வேண்டாம்."

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. சிரித்தேன் என்று மட்டும் தெரியும். அக்காவிடம் திரும்பி, "நல்லா வந்திருக்காம்க்கா" என்றேன்.

"எனக்குந்தான் கேட்டுதே" என்றார் அக்கா. என் கையிலிருந்து போனை வாங்கி, இன்னும் லைனில் இருந்த முதலாளியிடம் கூவலாகச் சொன்னார்: "ஏனுங், இனிமே இந்தப் புள்ளைக்கு வேல குடுக்கறதா இருந்தா, மதியத்துல குடுங்க. நான் தறிய நிறுத்தி வெக்கறேன். ஆனா அந்த யு.பி.எஸ்.ஸோ என்னமோ, அத நீங்களே வாங்கிக் குடுத்துருங்க. எனக்கு நெதமும் சீட்டாடறவங்களுக்கு டீ வாங்கிக் குடுத்து முடியாது!"

மறுமுனையில் துரைசாமி அண்ணன் சிரிக்கும் சத்தம் எனக்கே கேட்டது. அந்த வாரக் கடைசியில் யு.பி.எஸ். வந்து சேர்ந்தது. டீக்கடை மாஸ்டர்தான் அதையும் தலையில் தூக்கி வந்தார்.